சனிக்கிழமை ரெண்டு மணிப் பேய்

ஜூலை 28, ஞாயிறு

ஒரு பதிப்பகம் எங்கள் கல்லூரி நூலகத்துக்கு ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஏழு மாதம் என் மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. நேற்று வீட்டுக்கு எடுத்து வந்தேன், பேய்ப் படங்களைப் பட்டியல் போட.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. நூலகர். பேய்ப் படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். நான் ரிமோட்டை எடுக்கும்போதே வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நிஜப் பேயே வந்தாலும் நீ உட்காரவைத்துக் காபி போட்டுக் கொடுப்பாய் என்பார்.

இதற்கெல்லாம் காரணம் என் அண்ணன் ஞானவேல். 1992இல் திண்டுக்கல்லில் எங்கள் லைன் வீட்டுக்குக் கேபிள் வந்தது. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கேபிள்காரர் தன் வீட்டு வீடியோ டெக்கில் ஏதாவது ஒரு இங்கிலீஷ் பேய்ப் படத்தைப் போட்டு ஊருக்கே விடுவார். அம்மா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டில் இருப்பாள். அண்ணன் ஜன்னலில் போர்வையைக் கட்டுவான், கதவைத் தாழ்ப்பாள் போடுவான், என்னை டிவி முன்னால் உட்காரவைப்பான். எனக்குப் பதினொன்று, அவனுக்குப் பதினேழு. திரையில் மேலே ஒரு பெண் ரத்தம் வடிய நிற்பாள். கீழே யாருக்கோ காதணி விழா வாழ்த்து ஓடிக்கொண்டிருக்கும். படத்தில் ஒரு வார்த்தை எனக்குப் புரியாது. அண்ணன்தான் வரிக்கு வரி தமிழில் சொல்லுவான். பத்தாவதில் இங்கிலீஷில் இரண்டு தடவை ஃபெயிலாகிக் கோட் அடித்தவன் எப்படி இதைச் சொல்கிறான் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

அந்த அண்ணனுக்கு அடுத்த மாதம் 21ஆம் தேதி மதுரையில் ஆபரேஷன். குரல்வளையில் புற்றுநோய். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். "நல்லா இருப்பாரும்மா. சாப்பிடுவாரு, நடப்பாரு. பேச்சு மட்டும் போயிடும்" என்றார் டாக்டர். இருபத்து நான்கு நாள் இருக்கிறது.

அந்தப் படங்களை அண்ணன் வாயாலேயே மறுபடி சொல்லவைத்து என் போனில் பதிவு செய்யப் போகிறேன். ஒரு ஆசைதான், வேறொன்றுமில்லை.

ஜூலை 30, செவ்வாய்

கேஸ் புக் செய்தேன். மாவு அரைத்தேன்.

பட்டியல் தயார். தலைப்புகளை வாசிக்கத் தெரியாததால் அப்போதே நாங்களாகப் பெயர் வைத்திருந்தோம். ஈரத்தலைப் படம். பீரோ படம். பல் டாக்டர் படம். ஊஞ்சல் தானா ஆடுற படம். இணையத்தில் தேடித் தேடி மூன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அண்ணனின் மொழிபெயர்ப்பைப் பற்றி நான் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. அந்தப் படங்களில் எப்படியும் ஒரு சாமியார், அதாவது சர்ச் பாதர், கறுப்பு அங்கியில் வருவார். படத்தில் எல்லோரும் "ஃபாதர், ஃபாதர்" என்பார்கள். அண்ணன் அதை "அப்பா" என்று மொழிபெயர்த்துவிட்டான். அதனால் அவன் சொன்ன எல்லாக் கதையிலும் பேய்க்கு அப்பா வருவார். பேய் ஓட்ட இல்லை, பேயை வீட்டுக்குக் கூட்டிப் போக. கல்லூரிக்குப் போய் இங்கிலீஷ் பிடிபட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. விடுதியில் சொன்னேன், மொத்த அறையும் விழுந்து விழுந்து சிரித்தது. கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அண்ணனும் கூட நின்று சிரிப்பான்.

ஆகஸ்ட் 3, சனி

திண்டுக்கல் பேகம்பூரில் அண்ணன் வீடு. சரியாக இரண்டு மணிக்குப் போய்விட்டேன். போனை டிவியோடு இணைத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்து, ஈரத்தலைப் படத்தைப் போட்டேன்.

அண்ணனுக்குக் குரல் ரொம்பக் கம்மிவிட்டது. இருபத்தெட்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, கம்பம், குமுளி" என்று பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி கத்தியவன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"என்னாத்துக்குடி இதெல்லாம்?" என்றான்.

"சும்மா சொல்லு. எனக்கு மறந்து போச்சு."

"எனக்கு மட்டும் ஞாபகம் இருக்காக்கும். அன்னைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"இன்னைக்கும் வாய்க்கு வந்ததைச் சொல்லு."

சுகுணா மதினி அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "தமயந்தி, அவருக்கு இருக்கிறதே கொஞ்சம் குரலு. அதையும் பேய்க்குக் கொடுக்கணுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அண்ணன்தான் சொன்னான், "பேசினா நோய் கூடாது, பேசாட்டிக் குறையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருடி. எப்படியும் போறதுதான்."

பன்னிரண்டு நிமிடம் பதிவானது. இருமலோடு சேர்த்து.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மதினி போனை எடுக்கவில்லை. துணி துவைத்தேன்.

ஆகஸ்ட் 10, சனி

மதினிக்குப் பிடித்த பால்கோவா வாங்கிப் போனேன். வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்விட்டாள். ஆனால் அடுக்களைக் கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

இன்று பீரோ படம். ஒரு பழைய பங்களாவில் செத்துப்போன பெண் ஒருத்தி மரப் பீரோவுக்குள் இருப்பாள். திறந்தவர்கள் பிழைக்க மாட்டார்கள். பதிவைக் கேட்டுக் கேட்டு இங்கே எழுதி வைக்கிறேன்.

"பாரு, பீரோவுக்குள்ள அந்தப் புள்ள இருக்கு. செத்துப்போச்சு, ஆனா வீட்டை விட்டுப் போகமாட்டேங்குது."

"ஏன்ணே?"

"கோவம். அங்க பாரு, மழையில வர்றது யாரு? அப்பா."

"கறுப்பு அங்கி போட்டிருக்காரே?"

"குளுருற ஊருல்ல."

"கையில என்ன புஸ்தகம்?"

"ரேசன் கார்டு. உன் பேரை இன்னும் எடுக்கலை பாரு தங்கம்னு காட்ட எடுத்துட்டு வந்திருக்காரு."

திரையில் பாதர் கையைத் தூக்கிக்கொண்டு உறுமுகிறார். இப்படி உறுமுகிறவரை யார் அப்பா என்று நம்புவார்கள்? நான் நம்பியிருக்கிறேன்.

"ஏன்ணே கத்துறாரு?"

"கத்தலை, கெஞ்சுறாரு. வெள்ளைக்காரன் கெஞ்சினா அப்படித்தான் இருக்கும்."

"அவ என்ன சொல்றா?"

"'இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்'ங்குறா."

கடைசியில் நிஜப் படத்தில் பீரோ தீப்பிடித்து எரிகிறது, பெண் புகையாகப் போகிறாள். அண்ணன் சொன்ன படத்தில் அது பஸ் கிளம்புகிற புகை. இரண்டு பேரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஜன்னலோர சீட்டில் அவள், பக்கத்தில் அப்பா.

அடுக்களைக்குள் மதினி சிரித்த சத்தம் பதிவில் இருக்கிறது.

எங்கள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் வருவார். தொண்ணூற்றொன்று பொங்கலுக்குப் பிறகு வரவில்லை. அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது. இதில் எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அண்ணனுக்கு இன்று கடைசி டிரிப். முதலாளி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஏறிவிட்டானாம். நான் வாடிப்பட்டிக்கு ஒரு வேலையாகப் போகிற மாதிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனேன். எனக்கு வாடிப்பட்டியில் ஒரு வேலையும் இல்லை. அண்ணன் பஸ் படியில் நின்று "குமுளி, குமுளி" என்று சொல்லிப் பார்த்தான். வாய் அசைந்தது. டிரைவர்தான் இறங்கி வந்து அவனுக்காகக் கத்தினார். அண்ணன் விசிலை மட்டும் ஊதினான்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். புளியைக் கரைக்க மறந்துவிட்டேன். வீட்டுக்காரர் அதையும் ஊற்றிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 17, சனி

ஊஞ்சல் படம். இதிலும் ஒரு பாதர், இதிலும் அப்பா. குரல் இன்று காற்றாகவே வந்தது. பாதியில் அண்ணன் களைத்துப்போய், "மிச்சத்தை நீயே சொல்லிக்க" என்றான். எனக்குத் தெரியாது என்றேன். "எல்லாம் ஒரே கதைதான்டி" என்றான்.

நான் கிளம்பும்போது மதினி என் பையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் ஒன்று பதிவு செய்துதர வேண்டுமாம். என்ன என்று கேட்டேன், முகம் சிவந்துவிட்டது. அப்புறம் மெதுவாகச் சொன்னாள். டூட்டி முடிந்து வரும்போது வாசலில் நின்று அண்ணன் கூப்பிடுவானே, அது.

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கே இறங்கிப்போய் நின்றான். நான் போனை நீட்டிக்கொண்டு நின்றேன். "சுகுணா, கதவைத் தொற." மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை நன்றாக வந்தது. மதினி உள்ளே இருந்து நிஜமாகவே கதவைத் திறந்தாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மதுரை. பிளாஸ்க், இரண்டு லுங்கி, பழைய போர்வை, ஸ்கேன் கவர் எல்லாம் வந்து சேர்ந்தது. மதினி கேன்டீனுக்குப் போயிருந்தாள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு வார்டுக்கு ஒரு வயதான சர்ச் பாதர் வந்தார். வெள்ளை அங்கி. ஒவ்வொரு கட்டிலாக நின்று, வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் ஜெபம் சொன்னார். எங்கள் கட்டிலுக்கு வரும்போது அண்ணன் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"வாங்க பாதர். நான் உங்க ஆளுகள்ட்டதான் படிச்சேன். ஆறாவதுல இருந்து பத்து வரைக்கும் பாதர் ஸ்கூல்தான். காலையில பிரேயர், மத்தியானம் பெரம்பு."

பாதர் சிரித்துக்கொண்டே அவன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

அவன் எந்தப் பள்ளிக்கூடம் போனான் என்று எனக்குத் தெரியாதா? அந்தப் பள்ளிக்கூடச் சட்டையின் பையில் தைத்திருந்த சிலுவைச் சின்னத்தை நானே சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறேன். அதையும் படத்து ஃபாதரையும் சேர்த்துப் பார்க்க முப்பத்திரண்டு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"அண்ணே, ஃபாதர்னா சாமியாருன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியாம? அஞ்சு வருசம் அடி வாங்கியிருக்கேன்ல."

"பெறகு ஏன் எல்லாப் படத்துலயும் அப்பான்னு சொன்ன?"

அவன் பிளாஸ்க் மூடியில் இருந்த வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். விழுங்கவே கஷ்டப்பட்டான்.

"சனிக்கிழமையானா நீ மத்தியானச் சாப்பாடு சாப்பிடமாட்ட. வாசல்ல போய் உக்காந்துக்குவ. அஞ்சு மணி பஸ்ஸும் போன பெறகுதான் உள்ள வருவ. அம்மாவுக்குத் தெரியாது, மில்லுல இருக்கும். நான் என்ன பண்ணுறது? கதவைச் சாத்திட்டு டிவியப் போட்டேன். அதுலயாச்சும் வரட்டுமேன்னு."

நான் வாசலில் உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இல்லை, இருக்கிறது. படி சுடும், பாவாடையை மடித்துப் போட்டு உட்காருவேன்.

இந்தக் கதையைச் சொல்லி எத்தனை பேரைச் சிரிக்கவைத்திருக்கிறேன் என்று நினைக்கும்போது வெட்கமாக இருந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் பிடித்ததோடு சரி. "நல்லாத்தான் மொழிபெயர்த்த" என்றேன். "கோட் அடிச்சவன்ல" என்றான்.

போன் பைக்குள் இருந்தது. இது எதுவும் பதிவாகவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது மதினியிடம் ஏதோ சொன்னான். என்னிடம், "போய் ஏதாச்சும் தின்னு" என்றான். நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான். நான் தின்னவில்லை.

நான்கு மணிக்கு முடிந்தது. நல்லபடியாக எடுத்துவிட்டோம் என்றார் டாக்டர். கண்ணாடிக் கதவு வழியாக ஒரு நிமிடம் பார்க்கலாம் என்றார்கள். மதினி பார்த்தாள். முன்னூறு பேய்ப் படம் பார்த்த நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்று பார்த்தேன். கழுத்தில் ஓட்டை, மூக்கில் குழாய். கண் அண்ணனுடையது.

செப்டம்பர் 3, செவ்வாய்

வார்டில் ஒரு சிலேட்டு கொடுத்திருக்கிறார்கள், எழுதிவிட்டுப் பட்டனை அழுத்தினால் அழிந்துவிடும். அண்ணன் அதில் எழுதுவதெல்லாம் "தண்ணி", "ஃபேன்", "வேணாம்" மூன்றுதான்.

பதிவு செய்ததைப் போடட்டுமா என்று கேட்டேன். வேணாம் என்று எழுதினான். பீரோ படம் மட்டும் என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். எனக்காகப் பதிவு செய்தது, அவனுக்கு அது என்னவாக இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை.

செப்டம்பர் 21, சனி

அண்ணன் வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி குடிக்கிறான்.

இரண்டு மணிக்குப் போனேன். புதுப் பேய்ப் படம் ஒன்று, தமிழ்தான், டிவியில் போட்டார்கள். கொஞ்ச நேரம் பார்த்தான். ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

மதினி பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதாள். "பஸ்காரங்க பாக்க வந்தா படுத்துக்கிறாரு. என்னைப் பாத்தாக்கூட ஒரு வார்த்தை எழுதமாட்டேங்குறாரு. மனுசன் இருக்காரு, ஆனா இல்ல தமயந்தி." நான் துடைத்துத் துடைத்து அடுக்கினேன். அதைவிட உபயோகமாக எதுவும் செய்யத் தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

பேச்சுப் பயிற்சிக்கு மதுரை. ஒரு சின்ன டார்ச் லைட் மாதிரி கருவி. கழுத்தில் ஒட்டிவைத்துப் பட்டனை அழுத்தினால் அது ரீங்காரம் போடும். வாயை அசைத்தால் அந்த ரீங்காரமே பேச்சாக வரும். ஏற்ற இறக்கம் கிடையாது, ஒரே சுதி. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். "சூப்பர் சார், இன்னொரு தடவை" என்று கைதட்டிக் கைதட்டிச் சொன்னாள். அண்ணன் "தண்ணி" என்றான். காலி டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி கேட்டது. மதினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்தது. எப்போதும் அண்ணன் மேல் ஏறி விளையாடுகிற குழந்தை. அண்ணன் ஆசையாகக் கருவியை வைத்து, "வா பாப்பா" என்றான். குழந்தை வீறிட்டு அழுதுகொண்டு ஓடிவிட்டது.

கருவியை அட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். சிலேட்டை எடுத்து எழுதினான்: "பேய் பேசுது. நான் பேசலை."

பழகினால் சரியாகிவிடும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அழித்துவிட்டான். என் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

அக்டோபர் 24, வியாழன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

செமஸ்டர் நேரம். நூலகத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள், ஃபேன் சத்தம் மட்டும்தான். பதினொன்றரை மணிக்கு என் மேஜையில் இருக்கும் லேண்ட்லைன் அடித்தது. அதில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே எனக்கு நினைவில் இல்லை. எடுத்தேன்.

முதலில் ஒரு ரீங்காரம். அப்புறம் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல், மனுசத் தொண்டையில் இருந்து வராத ஒரு குரல்.

"தமயந்தி. புஸ்தகத்தை எல்லாம் மூடு. உனக்குப் பின்னால நிக்கிறேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் அலமாரியில் இருந்து ஒரு புத்தகம் சரிந்தது, என் முழங்கை பட்டுத்தான், ஆனால் அப்போது அது யாருக்குத் தெரியும்? "ஐயோ அம்மா" என்று கத்தினேன். அப்படிக் கத்தியது என் பிரசவத்தில்கூட இல்லை. ரிசீவரைப் போட்டுவிட்டு மேஜைக்கு இந்தப் பக்கம் ஓடி வந்துவிட்டேன். நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு பையன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டான், பாம்பு என்று நினைத்திருக்கிறான்.

தொங்கிக்கொண்டிருந்த ரிசீவருக்குள் இருந்து அந்தக் குரல் வந்துகொண்டே இருந்தது.

"ஏ புள்ள. ஏ புள்ள. நாந்தான்டி."

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

"அண்ணே?"

"நாந்தான். பயந்துட்டியா?"

"செத்தே போயிட்டேன்ணே."

அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. ரீங்காரமும் நின்றுவிட்டது. எனக்கு மறுபடி பயம் வந்தது, இது வேறு பயம். "அண்ணே, அண்ணே" என்றேன். மதினிதான் பேசினாள், மூச்சு வாங்கிக்கொண்டு.

"ஒண்ணுமில்ல தமயந்தி, சிரிக்கிறாரு. மெஷினைக் கட்டில்ல போட்டுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. சத்தம்தான் இல்ல. ரெண்டு வாரமா ராவும் பகலும் கதவைச் சாத்திக்கிட்டு இதத்தான் பழகியிருக்காரு, எனக்கே இன்னைக்குத்தான் தெரியும். காலையில முதலாளிக்குப் போன் போட்டாரு. பாவம், அந்தாளு போனை வச்சிட்டாரு."

நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, நாற்பது பிள்ளைகள் பார்க்க, அழுதேன். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதேன். சிரிப்பும் கூடவே வந்தது. முதல் வருடப் பெண் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "என்ன மேடம், வீட்ல ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றாள். "எங்க அண்ணன் பேசுறாரும்மா" என்றேன். பிள்ளைகளிடம் சத்தம் போடாமல் படியுங்கள் என்று சொல்ல எனக்கு முகம் இல்லை.

சாயங்காலம் மதினி மறுபடி கூப்பிட்டாள். இதுவரை ஒன்பது பேருக்குப் போட்டிருக்கிறானாம். கரூரில் இருக்கும் அவள் தம்பி பாதியிலேயே கட் செய்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போய் மந்திரிச்ச கயிறு கட்டிக்கொண்டு வந்துவிட்டானாம். போனில் இருக்கும் பெயர்களை அண்ணன் ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றாள். என் வீட்டுக்காரர் பெயரும் அதில் இருக்கிறது, நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.